வில்வித்தைப் போட்டி நடத்தப் போகிறீர்களா? முதலில் பலகையை எண்ணுங்கள்

எங்கள் முதல் போட்டியின் கடைசி அம்பைப் பிடுங்கும்போது இருட்டிவிட்டது. இரண்டு வேன்களின் முகப்பு விளக்கைப் போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் புல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். தாராபுரத்திலிருந்து வந்த ஒரு தாய் என்னிடம், "நடத்தத் தெரியாவிட்டால் எதற்கு நடத்துகிறீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் அவரும் பதிலுக்கு நிற்கவில்லை.

அதன் பிறகு இரண்டு முறை நடத்திவிட்டோம். ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் பக்கம் சிறு வில்வித்தை மன்றம் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு மன்றச் செயலாளர் பொறுப்பும் தலையில் விழுந்த என்னைப் போன்ற பெற்றோரும் அதே இருட்டில் நிற்க வேண்டியதில்லை. 132 பேர் வரை கலந்துகொள்ளும் இரண்டு நாள் போட்டிக்கான வழி இது.

1. அங்கீகாரக் கடிதம் கையில் வரும்வரை அழைப்பிதழ் அச்சடிக்காதீர்கள்

மாவட்ட வில்வித்தைச் சங்கம் வழியாக மாநிலச் சங்கத்துக்கு எழுதுங்கள். நாள், இடம், பிரிவுகள், எத்தனை பேர், நடுவர்கள் எத்தனை பேர் தேவை என்று ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள். பதில் வரும் என்று நம்பிச் சும்மா இருக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் நினைவூட்டுங்கள்.

பெற்றோர் உங்களிடம் கேட்கப் போகும் முதல் கேள்வி நுழைவுக் கட்டணத்தைப் பற்றியதாக இருக்காது. "இந்தச் சான்றிதழ் செல்லுமா?" என்பதுதான் அது. கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் இருக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டை மனத்தில் வைத்துத்தான் பாதிக் குடும்பங்கள் வருகின்றன. சங்கத்தின் அங்கீகாரம் இல்லாத போட்டியின் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும். உங்கள் போட்டி எந்த நிலையில் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது, மாவட்டமா மாநிலமா என்பதை அழைப்பிதழிலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

2. நாளைப் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்

சிரிக்காதீர்கள், இதைச் செய்யாமல்தான் நாங்கள் கெட்டோம். முதல் போட்டியை ஜூலையில் வைத்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வந்து மோதும் பருவம் அது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமே அந்தக் காற்றுதான். அது ஈரோடு வரைக்கும் விசிறும். 70 மீட்டர் தொலைவுக்கு எய்யும் அம்பை அது நடுவளையத்திலிருந்து நீல வளையத்துக்கு அநாயாசமாகத் தள்ளிவிடும். அதையாவது வீரர்கள் சமாளித்துக்கொள்வார்கள், இலக்குத் தாள் ஒட்டிய பலகை சமாளிக்காது. அன்று பிற்பகல் மூன்றேகாலுக்கு ஒன்பதாம் எண் பலகை முன்பக்கமாக மெல்லச் சாய்ந்து, கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்று, முகம் குப்புற விழுந்தது. அதில் பன்னிரண்டு அம்புகள் குத்தி நின்றன. கார்பன் அம்பு முறியும் சத்தம் சுள்ளி ஒடிவது போலத்தான் இருக்கும். விலை மட்டும் சுள்ளி விலை இல்லை. உடைந்த ஏழு அம்புகளுக்கான பணத்தை மன்றக் கணக்கிலிருந்து கொடுத்தோம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. பங்குனி, சித்திரை வெயிலுக்கும் தேர்வுக்கும். தை, மாசி வானிலைக்கு நல்ல மாதங்கள்தாம், ஆனால் முகூர்த்த நாள்களில் மண்டபம், பந்தல், சமையல் பாத்திரம் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்துக்குக் காவல்துறை பாதுகாப்புக் கொடுத்துக்கொண்டிருக்கும். அப்போது பந்தோபஸ்து கேட்டுப் போய் நிற்காதீர்கள்.

எஞ்சுவது மார்கழி. கல்யாணம் இல்லாததால் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையிலும் பேரம் பேசலாம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் விடுமுறையில் இருக்கும். ஒரே தொல்லை பனி. இரவே தாளை ஒட்டிவைத்தால் காலையில் ஊறிப் பொதபொதவென்று இருக்கும். தாளை விடியற்காலையில் ஒட்டுங்கள், அல்லது ஒட்டிவிட்டுப் பலகையைத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள்.

3. மைதானத்தை நீங்களே அளந்து பாருங்கள்

"பெரிய கிரவுண்டு சார்" என்று யார் சொன்னாலும் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். ஒலிம்பிக் வகை வில்லான ரிகர்வுக்கு 70 மீட்டர், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு 60 மீட்டர். கப்பி வைத்த காம்பவுண்டு வில்லுக்கு 50. மூங்கில், மர வில்லால் எய்யும் இந்தியன் ரவுண்டுக்கு 50, 30. நீளத்துக்கு 70 மீட்டரை மட்டும் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். எய்யும் கோட்டுக்குப் பின்னால் 5 மீட்டரில் காத்திருப்புக் கோடு, அதற்கும் பின்னால் வீரர்களின் கூடாரம், பலகைக்குப் பின்னால் தவறிய அம்பு போய் விழ ஆளில்லாத வெளி. பின்னால் நாங்கள் 50 மீட்டர் விட்டோம். ஆகமொத்தம் 140 மீட்டராவது வேண்டும்.

400 மீட்டர் ஓடுதளம் உள்ள மைதானம் என்றால் வேலை எளிது. உள்வட்டம் ஏறத்தாழ 157 மீட்டர் நீளமும் 73 மீட்டர் அகலமும் இருக்கும். இரண்டு பக்கமும் பாதுகாப்புக்குத் தலா 20 மீட்டர் கழித்தால் மிச்சம் 33. பலகைக்கு 2.75 மீட்டர் வீதம் பன்னிரண்டு பலகை. இந்தப் பன்னிரண்டுதான் உங்கள் போட்டியின் தலையெழுத்து.

திசையையும் பாருங்கள். தெற்கே நின்று வடக்கு நோக்கி எய்யும்படி அமைக்க வேண்டும். கிழக்கு மேற்காக வைத்தால் ஒரு வேளைப் போட்டியில் வெயில் கண்ணில் குத்தும், புகார்க் கடிதம் நிச்சயம். பலகைக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதை இருக்கிறதா, மாடு மேய்க்க யாராவது வருகிறார்களா என்று காவலாளியிடம் கேளுங்கள். நாங்கள் பார்த்த ஒரு கல்லூரி மைதானத்தின் பின்பக்கம் தென்னந்தோப்பு, அதற்குக் குறுக்கு வழி அந்த மைதானம்தான். வேலி இருக்கிறது என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்ததைச் சொல்லவில்லை.

4. பலகையிலிருந்து ஆள் கணக்குக்கு வாருங்கள்

ஒரு பலகைக்கு அதிகபட்சம் நான்கு பேர். ஏ, பி இருவரும் முதலில் எய்வார்கள், பிறகு சி, டி. பன்னிரண்டு பலகைக்கு 48 பேர். அதற்கு மேல் ஒருவரைச் சேர்த்தாலும் அவருக்கு நிற்க இடம் கிடையாது.

தகுதிச் சுற்று 72 அம்புகள், அதாவது ஆறு அம்பு வீதம் பன்னிரண்டு தடவை. ஒரு தடவைக்கு எண்டு என்று பெயர். இரண்டு அணியும் எய்து, நடந்து போய், மதிப்பெண் எழுதி, பிடுங்கித் திரும்ப ஓர் எண்டுக்கு 15 நிமிடம் ஆகிறது. பன்னிரண்டு எண்டுக்கு மூன்று மணி நேரம். முன்னதாகப் பயிற்சி 45 நிமிடம், நடுவில் இடைவேளை. நான்கு மணி நேரத்துக்குக் குறைந்து ஒரு வேளைப் போட்டி முடியாது.

முதல் முறை நாங்கள் 48 பேருக்கான இடத்தில் 71 பேரிடம் பணம் வாங்கிவிட்டோம். மூன்றாவது அணி ஒன்றை ஏற்படுத்தி "அனுசரித்துக்கொள்ளலாம்" என்றார் எங்கள் குழுவில் ஒருவர். ஒவ்வோர் எண்டும் ஏழெட்டு நிமிடம் நீண்டது. பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், வேன் விளக்குக்கு வந்துவிடுவீர்கள்.

இப்போது நாங்கள் பின்பற்றும் அட்டவணை: முதல் நாள் காலை ரிகர்வ் 48 பேர், பிற்பகல் காம்பவுண்ட் 36 பேர். இரண்டாம் நாள் காலை இந்தியன் ரவுண்டு 48 பேர், பிற்பகல் முதல் எட்டு இடம் பிடித்தவர்கள் இருவர் இருவராக மோதும் நேரடிப் போட்டி. இந்தியன் ரவுண்டில் பாதி முடிந்ததும் 50 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு மாற வேண்டும். பலகையை நகர்த்துவதா எய்யும் கோட்டை நகர்த்துவதா என்பதை முன்பே நடுவரோடு பேசி, இரண்டுக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டுவையுங்கள்.

5. நுழைவுப் படிவமும் ஆவணங்களும்

கடைசி நாளைப் போட்டிக்குப் பதினைந்து நாள் முன்னதாக வையுங்கள். ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியவை: ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், படிக்கும் பள்ளி அல்லது கல்லூரியின் சான்று, சங்கப் பதிவு எண், மாவட்டச் சங்கத்தின் ஒப்புதல் கையெழுத்து, இரண்டு புகைப்படம். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம்.

வயதுப் பிரிவில்தான் சண்டை வரும். பிறந்து எட்டு, பத்து ஆண்டு கழித்துப் பதிந்த பிறப்புச் சான்றிதழ் வந்தால் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் சேர்த்துக் கேளுங்கள். அசலைக் காலையில் மேசையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு பிள்ளையை வெளியே அனுப்பும் மனம் யாருக்கும் வராது, அனுப்பாவிட்டால் பக்கத்துப் பலகைக்காரர் விடமாட்டார்.

நீங்கள் வாங்கிவைக்க வேண்டியவை இன்னொரு கோப்பில்: மைதான உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி, காவல் நிலைய அனுமதி, ஒலிபெருக்கி அனுமதி, அருகிலுள்ள மருத்துவமனையின் ஒப்புதல் கடிதம், ஆம்புலன்ஸ் உறுதி, விபத்துக் காப்பீடு. அரசு மைதானம் என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் மனுக் கொடுத்து விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கான வாடகையைக் கட்ட வேண்டும். காவல் நிலையத்துக்குப் போகும்போது சங்கத்தின் கடிதமும் மைதான வரைபடமும் கையில் இருக்கட்டும். வில், அம்பு என்று வாயால் சொன்னதும் எதிரே இருப்பவரின் புருவம் உயரும். எந்தத் திசையில் எய்கிறோம், பார்வையாளர் எங்கே நிற்பார்கள் என்று வரைபடத்தில் காட்டினால் இறங்கிவிடும். ஓர் அலுவலகத்தில் என் மனுவை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்றாம் முறை காரணம் தேதி எழுதாதது. நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் எங்கேயும் மனுக் கொடுக்காதீர்கள்.

6. பணம்

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் வைத்தோம். 132 பேருக்கு 66,000 ரூபாய். செலவு ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தொட்டது. மிச்சத்தை நன்கொடையில்தான் திரட்ட வேண்டும், அதனால் நூற்பாலை, பம்புசெட், பனியன் கம்பெனி என்று மூன்று மாதம் முன்பே படியேறுங்கள். ரசீது புத்தகம் இல்லாமல் போகாதீர்கள். கொங்கு நாட்டில் பணம் கொடுப்பவர் கணக்கும் கேட்பார், கேட்பது நியாயம்தான்.

பெரிய செலவு பதக்கம் என்று நினைத்திருந்தேன். அது சில்லறை. பலகைகளை வாடகைக்கு எடுத்து லாரியில் ஏற்றி இறக்குவது, நடுவர்களின் பயணம், தங்கல், படி, இரண்டு நாள் சாப்பாடு, இந்த மூன்றும்தான் பணத்தை விழுங்கின. சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு முதல் முறை ஏழு வகை போட்டோம், வரிசை மைதானம் வரை நீண்டது. இப்போது மதியத்துக்கு அரிசிம்பருப்புச் சாதம், நெய், அப்பளம், மோர், அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் பந்தி முடிகிறது, வெயிலில் நின்று எய்பவர்களுக்கு வயிறும் கனக்காது.

இலக்குத் தாளில் சிக்கனம் பார்க்காதீர்கள். ரிகர்வுக்கு 122 சென்டிமீட்டர், காம்பவுண்டுக்கு 80 சென்டிமீட்டர் தாள். நல்லவர்கள் எய்தால் நடுமஞ்சள் ஆறாவது எண்டுக்குள் கிழிந்து தொங்கும். பன்னிரண்டுக்குப் பதினெட்டாக வாங்குங்கள்.

7. போட்டிக்கு முந்தின நாள் மாலை

பலகையைப் பின்பக்கம் 10 முதல் 15 டிகிரி சாய்த்து நிறுத்த வேண்டும். நடுப்புள்ளி தரையிலிருந்து 130 சென்டிமீட்டர். ஒரு மூங்கில் குச்சியில் அந்த உயரத்துக்குக் கோடு போட்டுக்கொண்டால் பன்னிரண்டையும் அரை மணி நேரத்தில் சரிபார்த்துவிடலாம். சட்டத்தின் இரண்டு காலையும் மண்ணில் அடித்த முளையில் கட்டுங்கள், பின்னாலிருந்தும் ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்கள். ஒன்பதாம் எண்ணை நான் மறக்கவில்லை.

பலகை தேய்ந்து நடுவில் அம்பு ஊடுருவிப் போகிறதா என்று காம்பவுண்ட் வில்லால் எய்து பாருங்கள். போனால் பின்புறம் பனியன் வேஸ்ட்டை இறுக்கித் திணித்த சாக்கு மூட்டையைக் கட்டுங்கள். திருப்பூர்க்காரர்கள் கற்றுக்கொடுத்த வித்தை இது, கச்சிதமாக நிற்கும்.

எண் பலகைகள், காற்றுக் கொடிகள், கயிறு வேலி, முதலுதவி மேசை எல்லாம் அன்றைக்கே வந்துவிட வேண்டும். காலையில் வரும் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் அது பதினொரு மணிக்கு வரும் என்று பொருள்.

8. போட்டி நாள்

ஆறரைக்கு மேசை திறக்க வேண்டும். ஏழரைக்கு உபகரணச் சோதனை: அம்பில் பெயரோ முதலெழுத்தோ எழுதியிருக்கிறதா, காம்பவுண்ட் வில்லின் இழுவிசை 60 பவுண்டுக்குள் இருக்கிறதா, இழுக்கும் கைக்கு உறை, மார்புக் காப்பு, நாண் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று நடுவர்கள் பார்ப்பார்கள். ஜீன்ஸ் அணிந்து வருபவர்கள் கட்டாயம் இருப்பார்கள், விதி அதை ஏற்பதில்லை. அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள்.

களத்தை நடத்துபவர் ஒருவர்தான். அவர் விசிலுக்கு மட்டுமே கோடு கட்டுப்பட வேண்டும். இரண்டு விசில், கோட்டுக்கு வரலாம். பத்து வினாடி கழித்து ஒரு விசில், எய்யத் தொடங்கலாம். மூன்று விசில், அம்பெடுக்கப் போகலாம். ஐந்தோ அதற்கு மேலோ விடாமல் ஊதினால் அந்த நொடியே வில்லை இறக்க வேண்டும். இதைப் பயிற்சிக்கு முன் ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொல்லவையுங்கள். பெற்றோருக்கும் சேர்த்துத்தான். ஒரு தாத்தா பேரனுக்கு இளநீர் கொடுக்கக் கயிற்றைத் தாண்டிக் கோடு வரை நடந்துவந்தபோது ஐந்து விசில் எதற்கு என்று எல்லோருக்கும் விளங்கியது. அவர் மட்டும், "இப்படி ஊதினால் பையன் பயந்துவிட மாட்டானா?" என்று களப் பொறுப்பாளரிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

திறப்பு விழாவை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வந்தால் இடைவேளையில் வரவேற்றுக்கொள்ளலாம். அவருக்காக எட்டரை மணி எண்டை நிறுத்திவைக்கக் கூடாது. சால்வை போர்த்தும் நேரத்தில் கொடுத்த ஐம்பது நிமிடம் மாலையில் வெளிச்சமாகத் திரும்பி வராது.

9. மதிப்பெண் அட்டை

தகராறெல்லாம் பலகைக்கு முன்னால்தான் நடக்கும். எழுதி முடிக்கும்வரை அம்பையோ தாளையோ யாரும் தொடக் கூடாது. பெரிய மதிப்பிலிருந்து சிறியதுக்கு இறங்கி வாய்விட்டுச் சொல்ல, இருவர் தனித்தனியாக எழுத வேண்டும். அம்பு கோட்டைத் தொட்டிருந்தால் கூடுதல் மதிப்பு. கருத்து வேறுபாடு வந்தால் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடுங்கள், அவர் சொல்வதே முடிவு. எழுதிய பிறகு துளையைச் சுற்றி பேனாவால் குறியிட்டுவிட்டுத்தான் பிடுங்க வேண்டும். பட்டுத் தெறித்து விழுந்த அம்புக்கு எந்தத் துளை என்று பிறகு அந்தக் குறிதான் சொல்லும்.

கடைசியில் வீரரும் மதிப்பெண் எழுதியவரும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கு முன் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிறுவன் 583 என்று போட்டுக் கையெழுத்திட்டுவிட்டான், உண்மையில் 593. அட்டை மேசைக்கு வந்த பிறகு அவன் அம்மா அழுததைப் பார்த்தும் நடுவர் அசையவில்லை, அவர் அசையாததுதான் சரி.

கணக்குக்கு ஐயான்சியோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, இத்தாலியில் உருவானது. இணையம் இல்லாமலும் மடிக்கணினியில் ஓடும். ஒரு வாரம் முன்பே பொய்ப் பெயர்களைப் போட்டுப் பழகுங்கள். மின்சாரம் போகும், மாற்று ஏற்பாடு இருக்கட்டும்.

10. நேரடிப் போட்டி

ரிகர்வில் செட் முறை. செட்டுக்கு மூன்று அம்பு, வென்றவருக்கு இரண்டு புள்ளி, சமமானால் ஆளுக்கு ஒன்று, முதலில் ஆறு எடுத்தவர் வெற்றி. காம்பவுண்டில் பதினைந்து அம்பின் கூட்டுத்தொகை. சமநிலை வந்தால் ஒற்றை அம்பு. தகுதிச் சுற்றில் எட்டாம் இடத்துக்கு இருவர் சமமாக நின்றால் அதற்கும் ஒற்றை அம்புதான், அதை அறிவித்துவிட்டு அட்டவணையை ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டிய பிறகு கிழித்திருக்கிறோம்.

11. முடிந்த மறுநாள்

முடிவுத் தாள்களை நடுவர் கையெழுத்தோடு மாநிலச் சங்கத்துக்கு அன்றே அனுப்புங்கள். சான்றிதழில் பெயர் எழுத்துப்பிழைக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். நன்கொடையாளர்களுக்கு வரவு செலவுக் கணக்கை ஒரு பக்கத்தில் அனுப்புங்கள், அடுத்த ஆண்டு படியேற அது உதவும்.

தொலைந்த அம்புகளுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். யாருடையது, எந்தப் பலகை, எத்தனையாவது எண்டு. உலோக முனையைத் தேடும் கருவி ஒன்று வாடகைக்குக் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பத்துப் பேர் வரிசையாக நடந்து கம்பி வாருகோலால் புல்லைக் கீறிக்கொண்டே போக வேண்டும். எங்கள் மைதானத்துப் புல்லைக் காவலாளி தன் மாட்டுக்கு அறுத்துப் போகிறார். கார்பன் சிம்பு தீவனத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று அவர்தான் கேட்டார். கணக்கில் பதினொன்று குறைந்தது, பத்துக் கிடைத்தது. மிச்சம் ஒன்று கிடைக்கும்வரை அந்த மூலையில் அவர் அரிவாளை வைக்கவில்லை. நான்காம் நாள் மாலை தொலைபேசியில் கூப்பிட்டு, தென்னை மரத்தில் குத்திக்கொண்டிருக்கிறது, ஏணியோடு வாருங்கள் என்றார்.